இரண்டாவது கயிறு

‘வெளிவட்டம்’ படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்ற செய்தி வெளியான அன்று வினீத்தின் போன் ஓயவேயில்லை. பாறசாலைச் சந்தைக்கு எதிரே, வீடுகளுக்கும் கடைகளுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டிக்கொடுக்கிற சின்னக் கடை அவனுடையது. தொழிலில் அவனை நாலு ஊருக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் படத்தின் ரசிகர்கள் நடுவே ‘பாறசாலை வினீத்’ என்றால் சென்னையில்கூடத் தெரிந்த ஆட்கள் உண்டு. படம் வந்து இருபத்துமூன்று வருஷமாகிறது. அதன் பேரில் ஒரு வாட்ஸாப் குழு நடத்திக்கொண்டிருந்தான். எந்தக் காட்சியில் எந்த வசனம், விண்வெளி நிலையத்தின் எந்தக் கதவில் எந்த எண் என்று எதைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வான்.

கதை ஒன்றும் சிக்கலானதில்லை. தூரத்துக் கோள் ஒன்றைச் சுற்றிவரும் நிலையத்தில் விபத்து நடக்கிறது. வெளிச்சுவரில் தொங்கும் கேப்டன் தயாளன், செழியன் என்ற இளம் என்ஜினியரின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நேரத்துக்குள் அவர் உள்ளே போகாவிட்டால் நிலையத்தில் இருக்கும் இருநூறு பேரும் சாவார்கள். கேப்டன் கையை விடுகிறார். செழியன் இருட்டுக்குள் சுழன்று சுழன்று, சிறுத்து, மறைந்துபோகிறான். கடைசிக் காட்சியில் பூமிக்குத் திரும்பிய கேப்டன் கண்ணாடி முன் நின்று முகம் மழிக்கிறார், சட்டையை மாட்டுகிறார், கதவைத் திறந்துகொண்டு வெயிலில் இறங்கி நடக்கிறார். அதோடு படம் முடிந்துவிடும்.

முதலில் அதைப் பார்த்தபோது வினீத்துக்குப் பதினெட்டு வயது. கூடப் பார்த்தவன் ரெஜி. இருவரும் ஐ.டி.ஐ.யில் ஒரே வகுப்பு. நெய்யாற்றின்கரை தியேட்டரில் ஒரே மாதத்தில் ஒன்பது தடவை பார்த்தார்கள். ரெஜிக்குச் செழியனைப் பிடிக்கும், வினீத்துக்குக் கேப்டனை. பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஊர் வரும்வரை அதைச் சொல்லிச் சண்டை போடுவார்கள்.

ஐந்து வருஷம் கழித்து ரெஜி நெய்யாற்றில் மூழ்கிச் செத்தான். மணலை வாரி வாரி ஆற்றுக்குள் ஆள் முங்கும் குழிகள் விழுந்திருந்த காலம் அது. குளிக்க இறங்கியவன் குழியில் காலை வைத்துவிட்டான். கரையில் நின்ற வினீத் உடனே குதித்தான். எட்டிப் பிடிப்பதற்குள் ஆற்றின் ஒழுக்கு ரெஜியைக் கொண்டுபோய்விட்டது; பற்றிக்கொள்ள ஒரு வேர்கூட இல்லை. ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வினீத் சொன்னதும் இதைத்தான். ரெஜியின் அம்மை ரத்னபாய், மகனை அடக்கம் செய்துவிட்டு வந்து வினீத்தின் தலையில் கைவைத்து, “நீ சாடினியே மக்கா, எனக்க பிள்ளைக்கு வேண்டி நீ ஆத்துல சாடினியே” என்று அழுதாள். மூன்று வருஷம் போனபிறகு ரெஜியின் தங்கை லிஜியை அவனுக்கே கட்டிக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வினீத் அந்தப் படத்தைத் தனியாகத்தான் பார்ப்பான். பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிஷம் மட்டும். ஒரு மனிதர் கையை விட்டுவிட்டு வந்து, முகம் மழித்து, வெயிலில் இறங்கி நடக்கிறார். ஜனங்கள் அதற்குக் கைதட்டுகிறார்கள். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

குழுவில் ‘கேப்டன் செய்தது சரி’ என்று ஒரு நீண்ட பதிவு எழுதியிருந்தான். ஆக்சிஜன் எத்தனை நிமிஷம் மிச்சம், ஒரு கை எவ்வளவு பாரம் தாங்கும் என்றெல்லாம் அதில் உண்டு. ஊர் ஊராகப் போன பதிவு அது. திருப்புறத்துக்காரன் பினு என்ற ஒருவன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் காட்சியை நிறுத்திப் படம்பிடித்துப் போட்டு, கேப்டனின் இடுப்பில் சுருட்டிய நிலையில் இன்னொரு கயிறு தெரிகிறதே, அதை ஏன் அவர் வீசவில்லை என்று கேட்டான். ஷூட்டிங்கில் வந்த பிழை அது என்று வினீத் வாதாடினான். பினு விடுவதாயில்லை. வினீத் அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான். அந்தக் கயிற்றை வினீத்தும் பல வருஷங்களுக்கு முன்பே கண்டிருந்தான்.

இரண்டாம் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. லிஜி ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். அவளுக்கு இந்தப் படத்தின் மேல் பெரிய பிரியம் ஒன்றுமில்லை. வினீத்துக்காக லீவு போட்டு வந்தாள். மகள் ஜோஸ்மி பள்ளிக்கூடம் விட்டதும் கொல்லயில் என்ற ஊரிலுள்ள ரத்னபாயின் வீட்டுக்குப் போய்விடுவாள். நெய்யாற்றின்கரை தியேட்டர் வாசலில் குழுவின் இன்னொரு அட்மினான ஷிபு இருபது பேரைக் கூட்டிவைத்துக் கேக் வெட்டினான். முதல் துண்டை வினீத்தின் வாயில் திணித்தான்.

படத்தில் கேப்டன் கிழவராகியிருந்தார். அவர் பேரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பிறகு வெளிவட்டத்திலிருந்து ஒரு சமிக்ஞை வந்தது. செழியன் உடனே செத்துவிடவில்லை. சேதமான ஒரு கூண்டுக்குள் நுழைந்து பத்தொன்பது நாள் உயிரோடு கிடந்திருக்கிறான். அவனுடைய தலைக்கவசத்தில் இருந்த கேமராவை இப்போது யாரோ கண்டெடுக்கிறார்கள். விசாரணை மன்றத்தில் அதை ஓட்டிக் காட்டுகிறார்கள்.

முதல் படத்தில் கேப்டனின் பக்கமிருந்து மட்டுமே காட்டிய காட்சி இப்போது செழியனின் கண்வழியாக வந்தது. கேப்டனின் கால் சுவரிலிருந்த வளையத்தில் பத்திரமாக மாட்டியிருக்கிறது. அவர் விழப்போவதில்லை. இடுப்பில் கயிறு இருக்கிறது. செழியன் அதைக் கண்ணால் காட்டுகிறான். கேப்டனின் முகத்தில் பயம் மட்டும்தான். அவர் மறு கையைக் கொண்டுவந்து, செழியனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்.

தியேட்டர் ஊளையிட்டது. பின்னாலிருந்து ஒருத்தன், “எலே, இவனாக்கும் கொன்னது!” என்று கத்தினான். வினீத்தின் பக்கத்தில் லிஜி சீட்டின் முனைக்கு வந்திருந்தாள்.

“பாவி” என்றாள் மெதுவாக.

வினீத்துக்கு மூக்குக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறிய மாதிரி இருந்தது. அவன் ரெஜியைப் பிடித்திருந்தான். மூங்கில் புதரின் வேர் ஒன்றில் இடது முழங்கையைக் கோத்துக்கொண்டு, வலது கையால் பிடித்திருந்தான். வேர் அசையவில்லை. ரெஜி பயத்தில் இழுத்தான், ஒரு தடவை வினீத்தின் தலை தண்ணீருக்குள் போனது. மேலே வந்ததும் அவன் செய்தது இதைத்தான். இதே மாதிரி, ஒவ்வொரு விரலாக.

படம் முடிந்ததும் ஷிபுவின் கூட்டம் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. வினீத் யாரிடமும் பேசாமல் பைக்கை எடுத்தான்.

வழியில் லிஜி மட்டும் பேசிக்கொண்டே வந்தாள். “மொதல் படம் எனக்குப் பிடிக்காது. இது கொள்ளாம், நல்லா இருக்கு. அந்தக் கேப்டன நெனைக்கும்போதாக்கும் எனக்கு... செழியனுக்க தாயிட்டயும் போயி ஆறுதல் சொன்னானே, பாத்தியளா? எப்பிடி உறங்கினான் இத்தன வருஷம்?”

நெய்யாற்றின் மேலுள்ள அமரவிளைப் பாலத்தில் கீழே பார்க்காமல்தான் எப்போதும் போவான். அன்றும் அப்படியே கடந்தான். கடந்ததும் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டான்.

“எந்தாச்சு? பெட்ரோல் தீந்தா?”

“லிஜி, நான் அவனப் பிடிச்சேன்.”

“ஆர?”

“ரெஜிய. அவனுக்க கை எனக்க கைல உண்டு. நான் வேர்ல கை கோத்திருந்தேன். நல்ல பலமுள்ள வேரு. அவன் வலிச்சு இழுத்தான். எனக்குப் பயம் வந்துச்சு. நான் அவனுக்க விரலப் பிரிச்சு விட்டேன்.”

லிஜி இறங்கி நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். மார்த்தாண்டம் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவள் அவனைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தாள்.

“வேரு ஒண்ணும் இல்லன்னு சொன்னியளே.”

“உண்டு. இப்பளும் அங்க உண்டு. நான் போய்ப் பாத்தேன்.”

“எத்தன தடவ?”

“கொறே தடவ.”

அவள் ஹெல்மெட்டை மாட்டி, கொக்கியைப் போட முடியாமல் இரண்டு மூன்று முறை தடவினாள். வினீத் உதவக் கையை நீட்டினான். அவள் ஒரு அடி பின்னால் போனாள்.

“வண்டிய எடுங்க. பிள்ளை வந்திருப்பா.”

ரத்னபாய் மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைத்திருந்தாள். மருமகன் வந்தால் பெரிய துண்டு அவன் தட்டுக்குத்தான். அன்றும் அப்படியே வைத்தாள்.

“படம் நல்லதா மக்கா? அவன் இருந்திருந்தா இண்ணைக்கு ரெண்டுபேரும் காலைலயே போய் நிண்ணிருப்பிய.”

“நல்லதாக்கும் அம்மா.”

“லிஜி, நீயும் இரி. எந்துக்கு அங்க நிக்கிய?”

“எனக்குப் பசியில்ல.”

லிஜி அடுக்களை நடையில் நின்று, அம்மை அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வினீத் தட்டில் வைத்ததையெல்லாம் தின்றான். தின்னாமல் எழுந்தால் ரத்னபாய் காரணம் கேட்பாள். கை கழுவும்போது லிஜி சொன்னாள், “ஜோஸ்மிக்குத் திங்களாச்ச பரீட்ச. நாங்க ரெண்டுபேரும் இஞ்ச நிக்கியோம்.”

அவன் வீட்டுக்குப் போனான். திங்கட்கிழமை வந்து போனது, லிஜி வரவில்லை. ஒவ்வொரு நாளும் ரத்னபாய்தான் போன் செய்தாள், சாப்பிட்டானா என்று கேட்க.

புதன்கிழமை ஷிபு கடைக்கே வந்துவிட்டான்.

“எடே, நீ உயிரோட உண்டா? குரூப்புல ஒக்கப் பேரும் கெடந்து கத்துறானுக. நம்ம கேப்டனக் கொலகாரன் ஆக்கிபோட்டான் அந்த டைரக்டர். இந்த ரெண்டாம் பாகத்த நாங்க ஏத்துக்கிடல்லன்னு ஒரு கடிதம் போடணும். நீயாக்கும் எழுதணும். உனக்க பழைய போஸ்ட்டையும் சேத்து வைப்போம்.”

“படம் நல்ல படமாக்கும்” என்றான் வினீத்.

“எந்து?”

“மொதல் படத்தவிட நல்லது. கயிறு அப்பளே உண்டு ஷிபு. நான் கண்டேன். கண்டுட்டுதான் அந்தப் பினுவ வெளிய தள்ளினேன்.”

ஷிபு சிரித்தான். வினீத் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவனுக்குக் கோபம் வந்தது. “இத்தன வருஷம் எங்கள ஒக்க பைத்தியக்காரன் ஆக்கினியா?” என்றான். மேசையில் கிடந்த கேமரா டப்பாவைத் தட்டிவிட்டுப் போனான். சாயங்காலத்துக்குள் குழு முழுக்கத் தெரிந்துவிட்டது. டைரக்டரிடம் காசு வாங்கிவிட்டான் என்றுகூட ஒருவன் எழுதினான். வினீத் பினுவின் நம்பரைத் தேடி எடுத்து, ‘கயிற்றைப் பற்றி நீ சொன்னதுதான் சரி, எனக்கு அன்றைக்கே தெரியும்’ என்று அனுப்பினான். பதில் உடனே வந்தது. ‘எந்தக் கயிறு அண்ணா? அத நான் எப்பளே மறந்துபோட்டேன்.’ வினீத் தன் பழைய பதிவை அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினான். அன்றிரவு பழக்கதோஷத்தில் பழைய படத்தின் கடைசிக் காட்சியைப் போட்டான். கேப்டன் கண்ணாடி முன் வந்து நின்றதும் அணைத்தான்.

ஒன்பதாம் நாள் லிஜி பிள்ளையோடு வந்தாள். பையை உள்ளே வைத்து, ஜோஸ்மியைக் குளிக்க அனுப்பிவிட்டு அவன் முன் வந்து நின்றாள்.

“நான் மன்னிச்சிட்டு வந்தேன்னு நெனைக்கப்பிடாது.”

“இல்ல.”

“அம்மைட்ட சொல்லப்பிடாது.”

“சொல்லணும்னாக்கும் நான் இத்தன நாளும் நெனச்சு...”

“சொல்லப்பிடாது” என்றாள் அவள். குரல் உயரவில்லை. “நீங்க சாடினியன்னு ஒண்ண வச்சாக்கும் எனக்க அம்மை ஜீவிக்கியா. உங்களுக்க பாரத்த எறக்குறதுக்கு அவள எடுக்கப்பிடாது. என்ட்ட எறக்கினது போதும். அவ கறி விட்டா தின்னணும். தலைல கைவச்சா குனிஞ்சு குடுக்கணும். அவ சாவது வரைக்கும்.”

அவன் தலையாட்டினான்.

அன்றிலிருந்து லிஜி ஜோஸ்மியின் அறையில் படுத்தாள். சோறு வைத்தாள், லேபுக்குப் போனாள், வந்தாள். பிள்ளைக்கு முன்னால் எப்போதும்போலப் பேசினாள். பிள்ளை இல்லாதபோது சில நேரம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். முதல் கேள்வி நாலு நாள் கழித்து, துணி காயப்போடும்போது வந்தது.

“எத்தன நேரம் பிடிச்சிருந்திய?”

“ஒரு நிமிஷம் இருக்கும். சரியாத் தெரியாது.”

அடுத்தது இரண்டு வாரம் போய்.

“அவன் உங்களப் பாத்தானா?”

“பாத்தான்.”

பதிலைக் கேட்டதும் போய்விடுவாள். அழுவதைக்கூட அவன் பார்க்கவில்லை. அடுத்த கேள்வி எப்போது வரும், எது வரும் என்று தெரியாமல் அவன் வீட்டுக்குள் நடமாடினான். பொய் சொல்ல ஒருதடவைகூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஒரு காலையில் லிஜி பிள்ளையின் யூனிபாமுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வினீத் கடைக்குக் கிளம்பிச் சாவியைத் தேடினான். ஜோஸ்மி பின்பக்கம் பல் தேய்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“அவன் அப்ப எதெங்கிலும் சொன்னானா?” என்றாள் லிஜி, தலை நிமிராமல்.

வினீத் இதைத் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

“சொன்னான். ‘இருடே, கால் கிட்டிடிச்சு’ன்னான்.”

இஸ்திரிப்பெட்டி நின்றது.

“கால் தரைல கிட்டிச்சுன்னா?”

“ஆமா.”

“அதுக்குப் பெறகா விட்டிய?”

“அப்ப ரெண்டு விரல்தான் மிச்சம் உண்டு. நான் நிறுத்தல்ல.”

லிஜி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஸ்விட்சை அணைத்தாள். சட்டையை மடிக்காமல் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். “ஜோஸ்மி, பஸ் வரும், வேகம் வா” என்று கூப்பிட்டாள்.