நிற்பாள் என்று அப்பா சொன்னார்

அம்மா நாற்றுமேடையில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. ரத்தக்கொதிப்பு மாத்திரையை இரண்டு மாதமாகப் போடாமல் விட்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. புக்கிட் செலம்பாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஆம்புலன்சில் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா பரஞ்சோதி, அதே தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவர். குலை ஏற்றிய வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, கால்சட்டையில் சேறோடு வந்திருந்தார். நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு நாற்காலி ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி. முதலாளியின் காரில் வந்து சேர்ந்தேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முதலில் மலாயில்தான் பேசினார். நான்தான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள அந்த நேரத்திலும் ஒரு ஆசை. உடனே அவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, மண்டையைத் திறக்க வேண்டும், திறக்காவிட்டால் நாளைக்குத் தாங்காது என்றார். கடைசியில், "வித் சர்ஜரி, ஷீ ஸ்டேன்ட்ஸ் எ சான்ஸ்" என்றார்.

அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். வாத்தியார் வகுப்புக்குள் வந்தால் 'ஸ்டேன்ட் அப்', உட்காரச் சொன்னால் 'சிட் டவுன்'. அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி அதுதான்.

"ஸ்டேன்ட் ஆ, டாக்டர்?"

"யெஸ், அங்கிள். ஷீ ஸ்டேன்ட்ஸ் எ சான்ஸ்."

அப்பா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியாம்மா? ஸ்டேன்ட்டுன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. பொழைக்கறது மட்டும் இல்லலா. எந்திரிச்சு நிப்பா."

அப்படி இல்லை, பிழைக்க வாய்ப்பு உண்டு என்றுதான் அதற்கு அர்த்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆபரேஷன் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன்.

அம்மா பிழைத்தாள். ஐந்தாம் நாள் கண்ணைத் திறந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்கு விளங்கியது. ஆனால் வாயிலிருந்து ஒன்றிரண்டு சொல்தான் வந்தது. வலது கை அசையவில்லை, வலது காலும் அசையவில்லை. வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் டாக்டர் என்னை உட்காரவைத்து எடுத்துச் சொன்னார். அந்தக் கால் இனி அவளைத் தாங்காது, இறுகிப்போகாமல் இருக்கத் தினமும் மெதுவாக நீட்டி மடக்கினால் போதும் என்றார். அன்றைக்கு அப்பா வேலைக்குப் போயிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று மறுபடியும் தள்ளிப்போட்டேன்.

வீட்டுக்குப் போனால், அப்பா சுவரோடு இரும்புக் குழாய் அடித்துவைத்திருந்தார். அம்மா பிடித்து நடப்பதற்காம், படுக்கையிலிருந்து குளியலறை வரைக்கும். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "நிப்பான்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றார். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்காவும் அதையே சொல்லிச் சொல்லித்தான் அவளுக்குக் கஞ்சி ஊட்டினார். தோட்டமே நம்பிவிட்ட ஒன்றை நான் எந்த வாயால் இல்லை என்று சொல்வது?

முதல் இரண்டு மாதம் அப்பா பொறுமையாக இருந்தார். வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு, அம்மாவின் இடுப்பில் துண்டைக் கட்டித் தூக்கி நிறுத்துவார். கையை எடுத்ததும் அவள் மடங்கி விழுவாள். பிடித்துக்கொள்வார். "நாளைக்குப் பாப்போம்" என்பார்.

மூன்றாம் மாதத்திலிருந்து குரல் மாறியது.

"நீ மனசு வைக்கமாட்டேங்கிற, புஷ்பா. படிச்சவங்க சும்மாவா சொல்வாங்க? படுத்தே பழகிட்ட நீ."

அம்மா என்னைப் பார்ப்பாள். நான் அடுப்பைப் பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா கோப்பி கலக்கினார். அம்மாவுக்குப் பிடித்த மாதிரி, பால் கூடுதலாக. அதை அவள் கைக்கு எட்டாத தூரத்தில் மேசைமேல் வைத்தார். "எந்திரிச்சு வந்து குடி. ரெண்டே எட்டுதான்."

அம்மா இடது கையைக் கட்டிலில் ஊன்றி எழப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. மூன்று தரம் முயன்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அப்பா, விடுங்கப்பா."

"நீ குடுக்கற செல்லத்துலதான் இவ இப்படிக் கெடக்கறா."

அவர் வெளியே போனதும் நான் கோப்பியை எடுத்துப்போனேன். ஏடு படிந்திருந்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை மாதம் மறைத்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது என்ற பயம் அதற்குள் பெரிதாகிவிட்டது.

ஏழாம் மாதம் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதே டாக்டர். நான் வாய் திறப்பதற்குள் அப்பா மலாயில் கேட்டுவிட்டார். "டாக்டர், நிப்பான்னு சொன்னீங்க. ஏழு மாசம் ஆச்சு. இவ முயற்சியே பண்ணமாட்டேங்கறா. நீங்க கொஞ்சம் ஏசுங்க."

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "நான் அப்படிச் சொல்லலையே, அங்கிள். அந்தக் கால் திரும்ப வராதுன்னு உங்க மகள்கிட்ட சொன்னேனே."

"இல்ல டாக்டர். ஸ்டேன்ட்னு சொன்னீங்க. ஸ்டேன்ட், சான்ஸ்னு. நான் காதால கேட்டேன்."

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார்.

"அப்பா," என்றேன். "அது நிக்கறது இல்லப்பா. பொழைக்க வழி இருக்குன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்க. ஒருத்தருக்கு வேலை கிடைக்கற மாதிரி இருந்தாலும் அப்படித்தான், பந்து விளையாட்டுல ஜெயிக்கற மாதிரி இருந்தாலும் அப்படித்தான். காலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பினோம். சக்கர நாற்காலியில் அம்மா குலுங்கிக்கொண்டிருந்தாள். நோய் வந்த நாளிலிருந்து அவள் சத்தம் போட்டு அழுததில்லை. இடது கையால் தன் வலது தொடையைத் தட்டித் தட்டி, "நா... இல்ல... நா... இல்ல..." என்றாள். தன்மேல் தப்பில்லை என்று சொல்கிறாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா கீழே மண்டியிட்டு உட்கார்ந்தார். மிதிகட்டையிலிருந்து நழுவியிருந்த அவள் காலை இரண்டு கையாலும் எடுத்து மேலே வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அம்மாவிடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தலை வாரிவிட்டார், கொண்டை போடப் பழகிக்கொண்டார். கரங்கானில் அம்மாவின் தங்கை இராசாத்தி சின்னம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு அவளைப் பட்டுப்புடவையோடு கையில் தூக்கிக்கொண்டே போனார். அங்கே யாரோ கேலி செய்ய, அம்மா ஒரு பக்க வாயால் சிரித்தாள்.

நாலு மாதம் அப்படி இருந்தது. பிறகு ஒரு விடியற்காலை மறுபடியும் ரத்தம் கசிந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள், அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

அந்தக் கேள்விக்காக நான் எத்தனையோ பதில் யோசித்துவைத்திருந்தேன். "உங்க முகத்தப் பாத்தேம்பா. சொல்ல முடியல" என்பதுதான் வந்தது.

"என் முகத்தப் பாத்திருக்க. அவ முகத்த நம்ம ரெண்டு பேருமே பாக்கலியேம்மா" என்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

நான் இப்போது சுங்கைப் பட்டாணியிலேயே தங்கியிருக்கிறேன்; சனிக்கிழமைதோறும் அப்பாவிடம் போய்ச் சமைத்துவைக்கிறேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். உப்பு போதுமா என்று கேட்டால் போதும் என்கிறார். என்மேல் கோபப்பட்டு ஒரு வார்த்தை ஏசினால் தேவலை என்று இருக்கும். அவர் ஏசுவதில்லை. மீன் துண்டில் பெரியதாகப் பார்த்து என் தட்டில் வைக்கிறார்.