காலுக்கு இடம்

"இக்னேஷியஸ். வயசு பத்தொம்பது. பிரிக்பீல்ட்ஸ்ல, சோடாக் கடைக்கு மேல் மாடியில இருக்கேன்."

சவப்பெட்டி செய்யும் ஜெயராஜ் சிலுவைப் பலகையில் வெள்ளைச் சாயத்தால் 'இக்' என்று எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"செத்தது யாரு?"

"எங்க அண்ணன். அம்புரோஸ்."

"அப்ப உன் பேரை ஏன்டா சொல்றே? கொஞ்சம் விட்டா உன்னையே புதைச்சிருப்பேன்." எழுதியதைத் துணியால் துடைத்தார். "ஆள் உயரமா?"

"கதவுல குனிஞ்சுதான் நுழைவாரு."

பெரிய பெட்டி ஒன்று தயாராகவே இருந்தது. இருவரும் அதைக் கைவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதிரியார் வெளியூர் போக வேண்டியவர். கோயில் மணி அடிப்பதற்குள் உடல் வந்தாக வேண்டும், தவறினால் நாளைதான் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

மாடிப்படியின் வளைவில் பெட்டி திரும்பவில்லை. வண்டியிலேயே விட்டுவிட்டு மேலே ஏறினார்கள்.

அறையில் அம்புரோஸ் மல்லாந்து கிடந்தான். போர்வைக்குள் இரண்டு முழங்காலும் செங்குத்தாக நின்றன. ஜெயராஜ் ஒரு முழங்காலை அமுக்கிப் பார்த்தார். மரம்போல இருந்தது.

"எப்பப் போனாரு?"

"விடியக்காலையில."

"உடனே காலை நீட்டிக் கட்டியிருக்கணும்லா. இப்படியே வச்சா மூடி எப்படி மூடும்?"

கண்ணை மூடிவிட வேண்டும் என்பது இக்னேஷியஸுக்குத் தெரிந்திருந்தது. காலைப் பற்றி யாரும் சொன்னதில்லை. தெரிந்திருந்தாலும் நீட்ட இடம் இல்லை. அண்ணனின் பாதங்கள் பலகைத் தடுப்பை முட்டிக்கொண்டிருந்தன. கூரை வரை எட்டாத அந்தத் தடுப்புக்கு அப்பால் தம்புசாமியின் குடும்பம். கல்யாணம் ஆனபோது தம்புசாமி தடுப்பை ஒரு சாண் நகர்த்தினார். பிள்ளை பிறந்தபோது இன்னும் ஒரு முழம். இக்னேஷியஸ் சண்டைக்குப் போனான். "பிள்ளை பொறந்த வீடு, விடுடா" என்று தடுத்துவிட்டு, அம்புரோஸ் அன்றிலிருந்து காலை மடக்கிப் படுக்கத் தொடங்கினான்.

"வெந்நீர்த் துணி போட்டு மெல்ல நீட்டலாம்," என்றார் ஜெயராஜ். "ஆனா ஆளை முழு நீளத்துக்குக் கிடத்தணும். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களைக் கேளு."

தம்புசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி நல்லம்மாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பலகையைக் கழட்டினாப் போதும்ணே. காலு மட்டும்தான் இந்தப் பக்கம் வரும்."

"பொணத்துக் காலு என் சோத்துத் தட்டுக்கா வரணும்?"

"பச்சைப் பிள்ளை கிடக்குற இடம் தம்பி," என்றாள் நல்லம்மாள். "கேக்குறதுக்கே உனக்கு மனசு வந்துச்சே."

"நடையிலயாவது கிடத்திக்கிறோம். விறகை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சீங்கன்னா."

"அது நாலு பேரு நடமாடுற வழி." தம்புசாமி ரசத்தைப் பிசைந்தார். "உசுரோட இருந்தப்பவே மடக்கிட்டுத்தானே படுத்தான். அப்ப நோகாத காலு இப்பத்தான் நோகுதா?"

"அப்பவும் நொந்துச்சுண்ணே. பிள்ளைக்குன்னு கேட்டீங்க, அதான் விட்டுட்டாரு."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கச் சொல்லி உங்க வேதத்துல இருக்கா?"

தம்புசாமி கையைக் கழுவிக்கொண்டு இக்னேஷியஸின் தோளுக்கு மேலாக அவன் அறையை எட்டிப் பார்த்தார்.

"இனிமே நீ ஒண்டி ஆளு. சன்னல் பக்கம் அவ்வளவும் உனக்கு எதுக்கு? காரியம் முடியட்டும், நாளைக்குப் பேசுவோம்."

அவன் திரும்பி வந்தபோது ஜெயராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். தடுப்பு வழியாக எல்லாம் கேட்டிருந்தது. "மெல்ல நீட்ட இடமில்ல," என்று கதவைச் சாத்தச் சொன்னார். ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்து அம்புரோஸின் வலது முழங்கால்மேல் வைத்தார்.

"நீ தோளைப் பிடிச்சுக்க. முகத்தைப் பாக்காதே."

"வலிக்குமாண்ணே?"

ஜெயராஜ் தடுப்பில் முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் சாக்கின்மேல் ஊன்றினார். இக்னேஷியஸ் அண்ணனின் தோளைப் பிடித்தான். எத்தனையோ நாள் அவன் தட்டி எழுப்பிவிட்ட தோள். ஜெயராஜின் முழுப் பாரமும் இறங்கியது. ஈர விறகு பிளப்பதுபோல ஒரு சத்தம். அதிர்ந்த பலகையிலிருந்து தூசி கொட்டியது.

தடுப்புக்கு அப்பால் தொட்டில் கயிறு கிறீச்சிட்டு நின்றது. பிள்ளை சிணுங்கியது.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் நல்லம்மாள். "இப்பத்தான் கண்ணை மூடுச்சு. ஒரு மனசாட்சி வேணாமா?"

ஜெயராஜ் சாக்கை எடுத்து இடது முழங்காலுக்கு மாற்றி, கை வைக்காமல் காத்திருந்தார். இக்னேஷியஸ் தோளை விடாமல், தடுப்பின் பக்கம் முகத்தை மட்டும் திருப்பினான்.

"அக்கா, இன்னொரு காலு இருக்கு. பிள்ளையைத் தூக்கிட்டுக் கொஞ்ச நேரம் கீழ போய் இருங்க."