நிப்பு நல்லா ஓடுது

காய்ந்த நிப்பைக் காகிதத்தில் கீறிக்கொண்டே போனான் சேஷகிரி. மைக்கூடு ஜன்னல் மேடையில் மூடியபடி இருந்தது. சத்தம் மட்டும் சரியாக வரவேண்டும். அப்பாவுக்குக் கண்தான் போய்விட்டது, காது போகவில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா கோதண்டராமய்யா இரும, அவன் கை நின்றது.

“எழுதினியாடா?”

“எழுதிட்டேன் நான்னா.”

ராஜமகேந்திரவரம் கோர்ட்டில் கொடிகட்டிப் பறந்தவர். ஒருநாள் கறுப்புக் கவுனைக் கழற்றி எறிந்துவிட்டு அச்சுக்கூடம் வைத்தார். வாரப் பத்திரிகையில் அவர் எழுதிய தலையங்கத்துக்காகவே மூன்று முறை ஜெயில். கடைசி முறை கண்ணும் நுரையீரலும் அங்கேயே போயின. சர்க்கார் பயந்து விட்டுவிட்டது என்று ஊரே தேங்காய் உடைத்தது. அவரும் அப்படித்தான் நம்பினார். மகன் கலெக்டர் முன்னால் கைகட்டி நின்று, இனி அவர் ஒரு வரிகூட எழுத மாட்டார் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தது அவருக்குத் தெரியாது. ஒரு வரி வெளியானாலும் மறுபடி ஜெயில்தான். வீட்டில், அம்மா பக்கத்தில் இருக்க, அவர் கண்மூட வேண்டும் என்பதுதான் சேஷகிரியின் ஒரே ஆசை.

விடுதலையாகி வந்தபின் அவர் சொல்லச் சொல்ல எழுதும் முதல் தலையங்கம் இது. அதனால்தான் காய்ந்த நிப்பு.

“கோர்ட்டுக்குப் போறவன் முதுகு மாதிரி உன் எழுத்தும் வளைஞ்சுதான் இருக்கும். படி, கேப்போம்” என்றார்.

படிக்கச் சொல்வார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. வெள்ளைத்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, நினைவிலிருந்ததைச் சொன்னான்.

“கால்வாய்த் தண்ணீர் சர்க்கார்வாருக்குச் சொந்தமாம். கரையை உடைத்துவரும் வெள்ளம் மட்டும் நமக்குச் சொந்தமாம்...”

“நிறுத்து.”

சேஷகிரி நிறுத்தினான்.

“சர்க்காருக்கு யாருடா ‘வாரு’ போட்டது?”

வக்கீல் குமாஸ்தா உத்தியோகம் அவனுக்கு. மனு எழுதினாலும் சர்க்கார்வாரு, வாய்தா கேட்டாலும் சர்க்கார்வாரு. ‘அவர்கள்’ என்பதுபோல் மரியாதைக்குச் சேர்க்கும் அந்த ‘வாரு’ ஒட்டாமல் சர்க்கார் என்ற வார்த்தை அவன் வாயில் வராது. அப்பாவோ கவுனைக் கழற்றிய அன்றே அந்த ‘வாரு’வையும் கழற்றிவிட்டவர். அவர் சொல்லியிருக்க வழியில்லை. காகிதத்தில் இருந்திருந்தால் அவன் அப்படிப் படித்திருக்கவும் வழியில்லை.

“கை தவறிடுச்சு நான்னா. அடிச்சிடறேன்.”

கிழவர் கையை நீட்டினார். மை காய்ந்துவிட்டதா என்று கடைசி வரியைத் தொட்டுப் பார்ப்பது அவருடைய பழைய வழக்கம். விரல்கள் தாளின் மேல் நிதானமாக நகர்ந்தன. பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

“நிப்பு நல்லா ஓடுது” என்றார்.

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மிச்சத் தலையங்கத்தையும் கடைசி வரி வரைக்கும் சொன்னார். அவனும் கீறிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் மோர் கேட்டார். இரண்டு மடக்கு குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், மறுநாள் விடிந்தபோது எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குத்தான் பத்திரிகை வெளிவரும் நாள். அச்சுக் கோக்கும் அப்பலசாமி வாசலில் விழுந்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். எதற்குத் தயங்குகிறார் என்று சேஷகிரிக்குத் தெரிந்தது. தாள்களை எடுத்து நீட்டினான்.

அப்பலசாமி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லியே பாபு...”

சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் முகம் மாறியது.

“புரிஞ்சுபோச்சு. பந்துலுகாரு பந்துலுகாருதான்” என்று அப்பாவை மெச்சிவிட்டு அச்சுக்கூடத்துக்கு ஓடினார். சேஷகிரி கூப்பிட நினைத்தான். கூப்பிடவில்லை.

பாடை கோதாவரிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூட்டத்தில் பாதிப்பேர் கையில் பத்திரிகை இருந்தது. தலையங்கம் வரும் இடத்தில் தலைப்பு இல்லை, எழுத்து இல்லை. நான்கு பக்கமும் கோடு போட்ட வெறும் வெள்ளை. அப்பாவோடு வக்கீல் தொழில் பார்த்த சோமயாஜுலு வந்து அவன் தோளைப் பற்றிக்கொண்டார்.

“சாகும்போதும் சர்க்கார் மூஞ்சில அறைஞ்சிட்டுப் போயிட்டாரே. ஆயிரம் வார்த்தை எழுதினாலும் இப்படி உறைக்குமா? கூட இருந்து எழுதினவன் நீதானே. அவரே சொன்னதுதானா?”

காலையிலிருந்து அவன் யோசித்துக்கொண்டே இருந்தான். கால்வாய் வரி ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் அப்பா சொன்ன ஒரு வரிகூடத் திரும்பி வரவில்லை. தன்னுடைய ‘வாரு’ மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

“சொன்னாரு” என்றான்.

அப்பலசாமி ஒரு பத்திரிகையை விரித்து அப்பாவின் மார்பின் மேல் வைத்தார். சேஷகிரி கொள்ளியைத் தாழ்த்தினான். கட்டையைத் தாண்டித் தீ மேலே வந்தது. காகிதத்தில் அந்த வெள்ளைக் கட்டம்தான் முதலில் கறுத்தது.