அழிந்துபோன கல்யாணம்

இன்ஜியின் அப்பா ஹாஜி முதவல்லி, மகள் கல்யாணம் முடிந்த ஆறாவது வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்த மறுநாளே, கல்யாணத்தைப் படம் பிடித்த ஷாஹிந்தாவுக்கு இன்ஜி போன் செய்தாள்.

"அக்கா, ஆல்பம் மெதுவா வரட்டும். அப்பா படத்தை மட்டும் இப்பவே அனுப்புங்க. கேமராவைக் கண்டாலே ஓடுற மனுஷன், அன்னிக்கு உங்களுக்காகத்தான் நின்னாரு."

"அனுப்புறேன்மா" என்று சொல்லிவிட்டாள் ஷாஹிந்தா. போனை வைத்த பிறகுதான், அந்தப் படம் தன் கையில் இல்லை என்பது உறைத்தது.

எகிப்தின் மன்சூரா நகரில் பதினோரு வருஷமாகக் கல்யாணப் படம் எடுப்பவள் அவள். படம் திருத்தும் மென்பொருளை முன்பெல்லாம் ஒரு தடவை வாங்கினால் போதும். இப்போது மாதாமாதம் சந்தா. படங்களையும் எங்கள் கிளவுடிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று போன வருஷம் அந்த நிறுவனம் ஆசை காட்டியது. லேப்டாப்பில் இடம் மிச்சமாகிறதே என்று அவளும் சம்மதித்துவிட்டாள். அசல் படங்களெல்லாம் அங்கே போயின. லேப்டாப்பில் தங்கியவை தபால்தலை அளவு மாதிரிகள்தான். மெமரி கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று.

இன்ஜி கல்யாணம் முடிந்த மறுவாரம், இந்தக் கார்டில் இனி வெளிநாட்டுக்குப் பணம் போகாது என்று வங்கி கைவிரித்தது. சந்தா நின்றது, மென்பொருள் பூட்டிக்கொண்டது. சந்தா கட்ட முப்பது நாள் கெடு என்று நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல், விளம்பரங்களுக்கு நடுவே அவள் கண்ணில் படாமல் கிடந்தது. படம் எங்கே போய்விடப்போகிறது, வேறு கார்டு வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று அவள் இருந்துவிட்டாள்.

இப்போது, துபாயில் இருக்கும் தங்கை ரபாபைப் போனில் பிடித்தாள். ரபாப் பத்தே நிமிஷத்தில் சந்தாவைக் கட்டினாள். கணக்கு திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

நிறுவனத்தின் உதவிப் பிரிவை அழைத்தபோது முதலில் இயந்திரம் பேசியது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் லைனில் வந்தாள்.

"கெடு தாண்டினா அழிஞ்சிரும்னு விதியிலயே இருக்கு மேடம்."

"செத்துப்போனவரோட படம்மா. எங்கயாவது ஒரு நகல் இருக்கும், பாரு. உன் கால்ல வேணா விழறேன்."

"வருத்தமா இருக்கு மேடம். மறுபடி எங்களோட சேர்ந்ததுக்கு நன்றி."

ஷாஹிந்தா நேரே இன்ஜி வீட்டுக்குப் போனாள். மறைக்காமல் சொன்னாள். தபால்தலை மாதிரியைப் பெரிதாக்கி அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புக் கட்டங்கள்.

"இதுவா எங்கப்பா?" என்றாள் இன்ஜி. "சந்தா கட்டலைன்னா அவரை அழிச்சிருவாங்களா? நீங்க அதுக்குச் சரின்னு சொன்னீங்களா?"

அவள் அம்மா ஹாஜியா நபவிய்யா அந்தத் தாளை வாங்கி, மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். "போம்மா" என்றாள்.

மறுநாளிலிருந்து ஷாஹிந்தா விருந்தாளிகளின் வீடு வீடாக ஏறினாள். உங்கள் போனில் ஹாஜி இருக்கிறாரா, ஓரமாக இருந்தாலும் பரவாயில்லை என்று கெஞ்சினாள். எல்லோர் போனிலும் மணமக்கள் இருந்தார்கள். மிஞ்சிப்போனால் அவருடைய தோள், முதுகு. சிலர் கதவைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள், மண்டபத்தில் விருந்து பரிமாறிய ஃபவ்ஸி என்பவன் எடுத்த வீடியோவில் மூன்று வினாடி கிடைத்தார். சோறு அடைத்த மஹ்ஷியை வாயில் போட்டுக்கொண்டு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்ஜி அதை நாலைந்து தடவை பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "அனுப்பிட்டுப் போங்க" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

ஷாஹிந்தா தெருவுக்கு வந்தாள். அந்தக் கணக்கோடு அழிந்துபோனவை இன்னும் ஆறு கல்யாணங்கள். அந்த வீடுகளுக்கு இதுவரை தெரியாது. சுவரில் சாய்ந்து நின்று, முதல் எண்ணை அழுத்தினாள்.

"ஷாஹிந்தா! நீயே கூப்பிட்டுட்டியே" என்றது ஒரு சந்தோஷக் குரல். "ஆல்பம் ரெடியா?"