கன்னியப்பன் காலில் பூசிய சிமெண்ட்

தொண்ணூற்றெட்டு ஆடியில், பட்டாபிராமில் எழும்பிக்கொண்டிருந்த வீடொன்றின் சாரம் சரிந்தது. கொத்தனார் கன்னியப்பனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, நடுவில் பள்ளம் விழுந்தது. ஆவடியில் சொந்த ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் பரந்தாமன் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பூரித்துப்போனார். பெயரைவிட நீளமான பட்டங்கள் கொண்டவர்; இப்படியொரு பள்ளத்துக்காகவே காத்திருந்தவர்.

புதிதாக வந்த எலும்புச் சிமெண்ட்டை அந்தப் பள்ளத்தில் பூசி ஆபரேஷனை முடித்த மறுநாள், ஊர்ப் பிரமுகர்களைக் கட்டிலைச் சுற்றி நிறுத்தினார்.

"சாதாரண சிமெண்ட் இல்லை இது. எலும்போட ஒட்டிக்கும். ரத்தக் குழாய் உள்ளே புகுந்து வளரும். அப்புறம் எது எலும்பு, எது சிமெண்ட்டுன்னு பிரம்மாவுக்கே தெரியாது!"

கேமரா பளிச்சிட்டது. காலுக்குச் சொந்தக்காரனிடம் மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டுமா என்ன? சிமெண்ட்டைப் பற்றிக் கன்னியப்பனுக்கா தெரியாது? வீடு திரும்பியதும் மனைவியைக் கூப்பிட்டான்.

"சொர்ணம், சாக்க நனைச்சி கட்டு மேல போடு."

"இன்னாய்யா, காலா இது, காங்கிரீட் தூணா?"

"டாக்டரே சிமெண்ட்டுன்னு சொல்லிக்கீறாரு. தண்ணி உடலேன்னா வெடிப்பு உட்டுரும். இந்தக் காலு நிக்கலேன்னா சாரம் ஏற முடியாது. அப்பால சோத்துக்கு இன்னா பண்ணுவே?"

காலையும் மாலையும் சொர்ணம் தண்ணீர் தெளித்தாள்.

"இன்னா மாமே, மாடி எப்போ எழுப்பப் போறே?" என்று எதிர்வீட்டு எத்திராஜ் சிரித்தான். கன்னியப்பனும் சிரித்தான். பிறகு காய்ச்சல் வந்தது. அதன் பின்னாலேயே நாற்றம்.

கட்டைப் பிரித்த நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"எந்த மடையன் தண்ணி ஊத்தச் சொன்னான்?" டாக்டர் கத்தினார்.

"ஊத்தாதேன்னு நீ சொல்லலியே சார்" என்றாள் சொர்ணம்.

உயிரைக் காப்பாற்ற, முழங்காலோடு சேர்த்துக் காலை எடுத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து டாக்டர் மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"நல்ல செய்தி, கன்னியப்பா! எடுத்த எலும்பை அறுத்துப் பார்த்தோம். அழுகாத ஓரத்துல, சிமெண்ட்டுக்குள்ள ரத்தக் குழாய் நுழைஞ்சிருக்கு! கால் உன்கிட்டயே இருந்திருந்தா இதை நிரூபிச்சே இருக்க முடியாது. பம்பாய் மாநாட்டுல படம் காட்டப்போறேன்."

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே கன்னியப்பன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ, நல்லாத்தான் புட்ச்சிக்கினு இருந்திச்சா சார்?"

"அருமையா!"

சொர்ணம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆவடிக்கும் திருமழிசைக்கும் நடுவே எத்தனையோ தளம் போட்டவன் அவன். தண்ணீர் விட்டுக் கெடுத்தது இது ஒன்றுதான்.