மாற்று ஆள்

அலுவலகத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். தொழிலாளர் நலத்துறையில் ஒருங்கிணைப்பாளர் என்றால் ஆலை மூடும் இடத்திலெல்லாம் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். வேலையிழப்பு உதவிக்கு ஒரு துறை, மறுபயிற்சிக்கு ஒரு துறை, மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு துறை, மனநல ஆலோசனைக்கு இன்னொன்று. இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவே தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும். அப்படிப்பட்டவர்களை ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைக்கிறவளுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்குமா?

அன்று அந்தக் கூரை, கார் கதவுகளுக்குத் தகடு அழுத்தித் தரும் ஆலையின் கேன்டீன். துறைக்கு ஒரு மேசை போட்டிருந்தாள். மதியம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆலை இன்றோடு மூடப்படுகிறது, அடுத்த ஷிப்ட் கிடையாது, எல்லாரும் உடனே கேன்டீனுக்கு வரவும். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள். ஜனம் வந்தது. கேன்டீன் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அது அவளுடைய யோசனை. தள்ளுமுள்ளு இருக்காது, நிர்வாகத்துக்கும் அட்டைகள் கையோடு வந்துசேரும் என்று கூட்டத்தில் சொல்லிப் பாராட்டுகூட வாங்கியிருந்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு ஆளை மட்டும் காணவில்லை.

கிரேன் அக்கா என்று ஆலையே கூப்பிடும் பெண் அவள். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. நாளைக் காலை மறுபடி போக வேண்டும். ஆலை கொடுத்த காப்பீடு இன்றோடு செத்துப்போகும். சாயங்காலம் காப்பீட்டு மேசையை மூடுவதற்குள் நேரில் வந்து கைரேகை வைத்துவிட்டால் அரசுக் காப்பீடு நாளையிலிருந்தே ஓடும். தவறவிட்டால் புதிதாக எழுதிக் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறுநீரகம் அப்படியெல்லாம் காத்திருக்காது.

“கிரேன் அக்கா வந்தாங்களா?” என்று பம்பரம் மேசைக்கு மேசை கேட்டுச் சுற்றினாள். உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் பார்வையாளர் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளே பிரஸ் கூடத்துக்குள் போனாள்.

எந்திரங்கள் நின்றுபோன கூடம் அவளுக்குப் பயமாக இருந்தது. உயரே, தண்டவாளத்தில் கிரேன் நின்றது. அதன் கொக்கியில், தகடு அழுத்தும் இரும்பு அச்சு ஒன்று அறை அளவுக்குப் பெரிதாகத் தொங்கியது. கேபினுக்குள் ஒரு தலை தெரிந்தது.

“மேடம், மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க. சுமை தொங்குது.”

அவள் பின்னால் நகர்ந்து அண்ணாந்து கத்தினாள். “அக்கா, எறக்கி வெச்சுட்டு வாங்களேன். நேரம் ஆகுது.”

“கீழ சைகை காட்ட ஆளில்லாம எப்படி எறக்குறது? ஸ்டாண்டுல சரியா உக்காரலன்னா சாஞ்சுடும்.”

“அப்படியே விட்டுட்டு வர முடியாதா?”

“தொங்க விட்டுட்டு எறங்கவே கூடாது. மாத்து ஆள் மேல வந்து, ‘நான் வந்தாச்சு, நீ கெளம்பு’ன்னு சொல்லணும். அப்புறம்தான் சீட்ட விட்டு எழுந்திருக்கணும்.”

“மாத்து ஆள் வர மாட்டாங்கக்கா. அடுத்த ஷிப்டே இல்ல.”

கேபினிலிருந்து அக்காவின் தலை எட்டிப் பார்த்தது.

“மைக்குல சொன்னது எனக்கும் காதுல விழுந்துது. அதுக்காக? கூட்டிப் பெருக்க வர்றவங்க யாராவது இதுக்கு அடியில நின்னா என்ன பண்றது?”

“வீட்டுக்காரருக்கு நாளைக்கு...”

“தெரியும் மேடம். அதேதான் மனசுல ஓடிட்டிருக்கு. சைகை அண்ணன அனுப்பி வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பம்பரம் கேன்டீனைப் பார்த்து ஓடினாள். இத்தனை துறைகளையும் பிடித்து இழுத்து வந்தவளுக்கு, வேலையைப் பாதியில் நிறுத்தினால் அது கையிலேயே தொங்கும் என்று தோன்றாமல் போயிற்றே. தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சைகை அண்ணன் மனநல ஆலோசனை மேசையில் இருந்தார். தரையிலிருந்து கையசைத்துக் கிரேனை வழிநடத்துவது அவர் வேலை. ஆலோசகர் இதமாகப் பேசிக்கொண்டிருந்தார், இவர் காதில் எதுவும் ஏறின மாதிரி தெரியவில்லை. பம்பரம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“மைக்குல சொன்னதும் கால் தானா நடந்துடுச்சுங்க. அதுபாட்டுக்கு மேல இருக்குமே, நான் எப்படி மறந்தேன்?” எழுந்துவிட்டார்.

கூடத்தின் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். “அட்டை இல்லாம யாரையும் விடக் கூடாதுன்னு உத்தரவு.”

“இவர உங்களுக்குத் தெரியாதா?”

“நல்லாத் தெரியும். தெனமும் இவர்கிட்டதான் நெருப்புப்பெட்டி வாங்குவேன். அட்டை எங்க?”

அட்டைகள் ஒரு பெட்டியில் போடப்பட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போய்விட்டன. அவளுடைய அருமையான யோசனை அவள் முகத்திலேயே வந்து விழுந்தது. அங்கே போய் அனுமதி வாங்குவதற்குள் பொழுது போய்விடும். தன் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி அண்ணன் கழுத்தில் மாட்டினாள்.

“மேடம், அது உங்களுக்குக் குடுத்தது,” என்றார் காவலாளி.

“பேரா போட்டிருக்கு? பார்வையாளர்னுதான போட்டிருக்கு. இவரும் இப்ப பார்வையாளர்தான்.”

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அண்ணன் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார், சட்டைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார். காவலாளி வேறு பக்கம் பார்த்தார்.

பாஸ் இல்லாதவள் இப்போது வெளியே நிற்க வேண்டும். பிறவியிலேயே நிற்கத் தெரியாதவள் அவள். செருப்பைக் கழற்றினாள், மாட்டினாள். போன் அடித்தது. காப்பீட்டு மேசைக்காரர்.

“மேடம், கூட்டம் கொறஞ்சுடுச்சு. மூடட்டுமா?”

“மூடினீங்கன்னா உங்க மேசை மேலயே ஏறி உக்காந்துடுவேன். நான் வர்ற வரைக்கும் அந்தக் கைரேகைப் பொட்டிய எடுத்து வெக்காதீங்க.”

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அண்ணனின் கை உயர்ந்தது, விரல் கீழ்நோக்கி மெல்லச் சுழன்றது. அச்சு அங்குலம் அங்குலமாக இறங்கியது. கை மூடியது, அச்சு நின்றது. உள்ளங்கை இடப்பக்கம் லேசாகச் சாய, அவ்வளவு பெரிய இரும்பும் லேசாக இடப்பக்கம் போனது. இனிச் சம்பளமே இல்லாத இரண்டு பேர் அத்தனை பொறுமையாக வேலை பார்ப்பதை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள். ‘டொக்’ என்று ஒரு சத்தம். சுமை உட்கார்ந்துவிட்டது.

அக்கா ஏணியில் இறங்கினாள். ஓடி வாருங்கள் என்று கத்தலாம் போலிருந்தது. அக்கா ஒவ்வொரு படியாகத்தான் வந்தாள்.

காப்பீட்டு மேசையில் கைரேகைக் கருவி அவள் விரலை ஏற்க மறுத்தது. கிரீஸ். மேசைக்காரர், மூடட்டுமா என்று கேட்ட அதே மனிதர், தன் கைக்குட்டையை நனைத்து அவள் விரலை அழுத்தித் துடைத்தார். மறுபடி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

“நாளைக்குக் காலைல தாராளமா கூட்டிட்டுப் போங்கம்மா.”

அக்கா தலையாட்டினாள். அழவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, “ஆயிடுச்சு, காலைல போலாம்” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

பம்பரத்துக்கு இன்னும் தலைக்கு மேல் வேலை இருந்தது. மேசைகளை எண்ணி ஏற்ற வேண்டும், மேலதிகாரியிடம் பேச வேண்டும். வேன் பக்கம் பாதி தூரம் போனவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் போன பிறகும் கிரேன் அக்கா வெளிவாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். பையைத் தோளில் போட்டிருந்தாள், ஆனால் கால் நகரவில்லை. கண் பிரஸ் கூடத்தின் மேலேயே இருந்தது. காவலாளி கதவைச் சாத்தக் காத்திருந்தார்.

அவளைப் போகச் சொல்ல யாருமில்லை என்பது பம்பரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் திரும்பி நடந்து வந்தாள். சொல்லலாமா, சிரித்துவிடுவாளோ என்று கூச்சமாக இருந்தது.

“அக்கா. நான் வந்தாச்சு. நீங்க கெளம்புங்க.”

அக்கா சிரிக்கவில்லை. அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு பையைச் சரியாக மாட்டிக்கொண்டாள்.

“எடப்பக்க பிரேக் கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்கும்,” என்றாள். “அவசரப்படாதீங்க.”

சொல்லிவிட்டு நடந்தாள்.