மாலை போட்ட வீட்டுக்கு ஒரு பேஸ்ட்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பல்பொடிதான். ரோஸ் கலரில் இருக்கும், கிராம்பு வாசனை தூக்கும். அக்கா கன்னியம்மா பிரசவத்துக்கு வந்த பிறகு அந்த வாசனை பட்டாலே வாந்தி எடுத்தாள். விரலை வைத்தால் ஈறில் ரத்தம் வந்தது. மாசமாக இருக்கும்போது சிலருக்கு அப்படித்தான், மெத்தென்று ஒரு பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வாங்கிக் கொடுங்கள் என்று நர்ஸ் ஜாய்ஸ் சொல்லி அனுப்பினார்.

அம்மா கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வீட்டு வேலை செய்பவள். தை மாதம் அது. மேல்மருவத்தூருக்கு இருமுடி எடுக்க மாலை போட்டிருந்தாள். அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இதாவது தங்க வேண்டும் என்றுதான் விரதம். வெறுங்காலோடு வேலைக்கு நடந்தாள். கறி சமைக்கும் வீடுகளில் டீத்தண்ணிகூடத் தொடவில்லை. ஒரு சின்னக் குறை வந்தாலும் எல்லாம் வீண் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரே வீட்டில் இரண்டு வகை வாங்க முடியாது, எல்லோருக்கும் ஒத்து வருவதாகப் பார்த்து வாங்கி வா என்று என்னை அனுப்பினாள்.

ராஜேந்திரன் கடையில் நான்கு விதம் இருந்தது. சிவப்பு ஜெல் அக்கா வாயை எரிக்குமோ என்று பயந்தேன். பச்சை அப்பாவுக்குப் பிடிக்காது. மூலிகை போட்டது மறுபடி வாந்தியைக் கிளப்பலாம். எனக்குப் பேச வராது. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதற்கும் பாதி அதுதான் காரணம். விரலை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றேன்.

"வேண்டா, உனுக்கு இன்னாதான் வேணும்? பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்மாநேரம் நிக்க மாட்டான்" என்றார் ராஜேந்திரன். பெண் பிள்ளை போதும் என்று எனக்கு வைத்த பேர்தான் வேண்டா.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கைக்கு எட்டிய வெள்ளை பேஸ்ட்டைக் காட்டிவிட்டேன்.

நல்லதாகத்தான் அமைந்தது. அக்காவுக்கு வாந்தி நின்றது. காலையில் கஞ்சி குடித்தாள், மாத்திரை போட்டாள். அம்மாவும் அதிலேயே பல் தேய்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் அடிபம்பில் பார்வதம் அத்தையைப் பார்த்தேன். பக்கத்து வீடு. அவளும் மாலை போட்டு செவ்வாடையில் இருந்தாள். எங்கள் வாசலில் கிடந்த பேஸ்ட் நுரையைக் காட்டினாள்.

"மால போட்டுகினு உங்கம்மா பேஸ்ட்டுலயா தேய்க்குது? அதுல எலும்பப் பொடி பண்ணிக் கலக்குறாங்களாமே."

குடம் நிரம்பி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு ஓடி டியூபைத் திருப்பினேன். பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டினேன். கால்சியம் என்று வந்தது. எலும்பில் இருப்பது கால்சியம் என்று அறிவியல் டீச்சர் போர்டில் எழுதிப் போட்டது அப்படியே கண்ணில் நின்றது. மற்றதெல்லாம் மறந்து போயிருந்தது, அது மட்டும் மறக்கவில்லை. அப்படியானால் அம்மா வாயில் எலும்பை வைத்தது நான்தான்.

டியூபை வறட்டி மூட்டைக்குள் செருகினேன். காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றேன்.

"சோப்ப தூக்கும், பாத்துகீறேன். பல்லே இல்லாத காக்காவுக்கு பேஸ்ட் இன்னாத்துக்கு?" என்றார் அப்பா.

மறுபடி ரோஸ் பொடி வந்தது. அக்கா வாயைக் கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஈறு வீங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தள்ளினாள், மாத்திரையையும் விட்டாள். நான் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னடி அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டாள். அம்மா வேப்பிலையைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். அவளிடம் சொன்னால் விரதம் முறிந்தது என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் முறியாமல் இருக்குமா? எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். பிள்ளை அசையவே இல்லை என்றாள். அம்மாவும் நானும் ஆட்டோவில் அவளை ஏற்றிப் போனோம். வழியெல்லாம் அம்மா ஓம் சக்தி, ஓம் சக்தி என்று முணுமுணுத்தாள்.

நர்ஸ் ஜாய்ஸ் வயிற்றில் குழல் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு முகம் தெளிந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறது, தாய்தான் பட்டினியில் துவண்டிருக்கிறாள் என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத் திட்டினார். புது மாத்திரை அட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார். அதிலும் அதே எழுத்துகள். கால்சியம்.

அக்கா வந்த நாளிலிருந்து விழுங்கியதும் இதுதானா? அம்மா பக்கத்தில் நிற்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"சிஸ்டர், இது எலும்புலயா செய்றாங்க?"

"எலும்பா? சுண்ணாம்புக் கல்லும்மா."

"பேஸ்ட்லயும் இதான போட்டுகீது. பார்வதம் அத்த எலும்புன்னு சொல்லிச்சி. அதான் ஒளிச்சி வச்சிட்டேன்."

பேஸ்ட்டில் போடுவதும் அனேகமாகச் சுண்ணாம்புதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் என்ன கலக்கிறது என்று தனக்கு எப்படித் தெரியும் என்றார் அவர். சந்தேகம் இருந்தால் அம்மா வேப்பங்குச்சியில் தேய்க்கட்டும், இவளுக்கு பேஸ்ட்டைக் கொடு என்றார். "வூட்ல எல்லாருக்கும் ஒரே பல்லா கீது?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரத்தம் வந்தவளுக்காக வாங்கினதுன்னு மருவத்தூர் அம்மாளுக்குத் தெரியாதா?" என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மாலையை மஞ்சள் தண்ணீரில் நனைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

மறுநாள் டியூபை எடுத்து வறட்டித் தூளைத் தட்டிவிட்டு அக்காவிடம் கொடுத்தேன். "காக்கா கொண்ணாந்து குட்த்துச்சா?" என்றார் அப்பா, ரோஸ் பொடியைக் கையில் கொட்டிக்கொண்டே. அம்மா வேப்பங்குச்சியை மென்றாள். அக்கா மெதுவாகத் தேய்த்துக் கொப்பளித்து, கஞ்சிக்குக் கிண்ணத்தை நீட்டினாள்.

சுண்ணாம்புதான் என்று நர்ஸே சொல்லிவிட்டார். ஆனால் அனேகமாக என்றுதானே சொன்னார். நான் மாலை போட்டவள் இல்லை. இருந்தாலும் அம்மாவிடம் ஒரு குச்சி கேட்டு வாங்கிக்கொண்டேன். பிள்ளை கைக்கு வருகிற வரைக்கும் எனக்கு அதுவே போதும்.